போனதும் போயிருப்பதும்

கண்டியிலிருந்து திகன போகும் வழியில், குண்டசாலைப் பக்கம் ஆங்கில டியூஷன் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. பல வகுப்புகளில் பன்னிரண்டு காலங்களையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்விக்கிறார்கள். சாதாரண தரம் எழுதப்போகும் பிள்ளை அட்டவணையைத் தட்டாமல் ஒப்புவிக்கும். 'ஐ வென்ட்' எப்போது, 'ஐ ஹேவ் பீன்' எப்போது என்று கேட்டால் விழிக்கும்.

இத்தனைக்கும் அந்த வேறுபாடு பிள்ளையின் வாயிலேயே இருக்கிறது. "சிகிரியாவுக்குப் போனேன்" என்றால் கேட்பவர் "எப்ப?" என்பார். "போயிருக்கிறேன்" என்றால் நாள் முக்கியமில்லை. அந்த இடம் தெரியும் என்பதுதான் சேதி. பக்கத்து மேசைச் சிங்களப் பிள்ளையும் 'கியா', 'கிஹில்லா தியெனவா' என்று இதையே பிரித்துச் சொல்கிறது. 'ஐ ஹேவ் பீன் தேர் யெஸ்டர்டே' என்று எழுதுகிற பிள்ளையிடம், "நேற்றுச் சிகிரியாவுக்குப் போயிருக்கிறேன் என்று சொல்வாயா?" என்று கேட்டுப் பாருங்கள். தன் காதாலேயே பிழையைப் பிடித்துவிடும். ஆனால் வகுப்பில் தாய்மொழி பேசக் கூடாது என்று அந்தக் காதைப் பொத்திவிடுகிறோம். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

நம் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்துக்குக் 'கடுவ', அதாவது வாள், என்று பெயர் வைத்தார்கள். பேராதனையில் கற்பித்த பேராசிரியர் திரு கந்தையா 1984இல் அந்தப் பெயரையே தலைப்பில் வைத்து, இந்த மொழி எப்படி அதிகாரத்தின் ஆயுதமானது என்று எழுதினார். கையிலிருக்கும் தாய்மொழியையும் பறித்துக்கொண்டு படிப்பித்தால் அந்த வாள்மீதுள்ள பயம் எப்படிப் போகும்?

தமிழ் துணைக்கு வராத இடங்களும் உண்டு. உழைப்பு அங்கேதான் வேண்டும். "அம்மா கண்டிக்குப் போயிருக்கிறா" என்பதில் அம்மா இன்னும் கண்டியில் நிற்கலாம். என்றோ போய்த் திரும்பியும் இருக்கலாம். ஆங்கிலம் முதலாவதற்கு 'ஹேஸ் கோன்', இரண்டாவதற்கு 'ஹேஸ் பீன்' என்று தனித்தனியாகக் கேட்கிறது. "பத்து வருஷமாக் குண்டசாலையில இருக்கிறோம்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை, ஆங்கிலம் 'ஹேவ் பீன்' போட்டுத் தொடக்கத்தோடு சேர்த்துக் கட்டுகிறது. அதை அறியாத பிள்ளை 'வீ ஆர் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்' என்று எழுதுவது சோம்பலால் அல்ல, தமிழ் அப்படித்தான் சொல்கிறது. 'ஆஸ்க்', 'ஹியர்', 'லிசின்' மூன்றும் நமக்கு ஒரே 'கேள்'தான். டியூஷன் ஆசிரியர்கள் அட்டவணையை மூடிவைத்து, அந்த நேரத்தை இவற்றுக்குக் கொடுக்கட்டும்.