குவாய் நதிக் கணக்கு

லீவு லெட்டரில் 'பாங்காக்' என்று எழுதினால் மேனேஜர் ஒரு மாதிரி சிரிப்பார். சிரிக்கட்டும். ஒரு நாள் ஒதுக்கி, தோன்புரியில் ரயிலேறி காஞ்சனபுரி போய் வாருங்கள்.

'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) படத்தின் பாலம் இங்கேதான். படத்தில் மரப்பாலம், எடுத்தது இலங்கையில். நிஜப் பாலம் இரும்பு. அந்த நதிக்கு அப்போது பெயரே வேறு! படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் 'குவாய் எங்கே?' என்று நச்சரிக்க, பேசாமல் நதியின் பெயரை மாற்றிவிட்டார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள்.

1942-43ல் பர்மாவுக்கு ஜப்பானியர்கள் போட்ட பாதை இது. 415 கிலோமீட்டர். ஊருக்குள் கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள். கத்தரித்த புல், பூச்செடி. கல்லில் பெயர், படைப்பிரிவு, பலவற்றில் வயதும். பாதிப் பேர் நம் ஆபீஸ் ஜூனியர் வயசுப் பையன்கள்.

அடியேன் பி.காம். பேரேட்டைப் பார்த்தால் கூட்டிப் பார்க்கிற வியாதி. கைதிகளைவிடப் பல மடங்கு செத்தவர்கள் ஆசியக் கூலிகள். அதில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுவந்த நம் தமிழர்கள் ஏராளம். காலராவில் கொத்துக் கொத்தாகப் போனார்கள். படைப்பிரிவு கிடையாது, ஆகவே ரிஜிஸ்டரும் கிடையாது. எத்தனை பேர் என்றால் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். பத்தாயிரக் கணக்கில் வித்தியாசம். எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

நாம் தோக் வரை இன்றும் ரயில் ஓடுகிறது. மலையை ஒட்டி மரத்தூண்கள் மேல் வண்டி ஊர்ந்தபோது எல்லோரும் செல்போனோடு ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். பக்கத்து சீட்டுத் தாய்லாந்துப் பாட்டி வேர்க்கடலை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.