பெட்டியைத் திற என்றால் சரி. செல்போனைத் திற என்றால்?



அரபு நாட்டு வெயிலில் இரண்டு வருஷம் கல் சுமந்த நம் வட்டாரத்துக் கூலியாள் மீனம்பாக்கத்தில் வந்து இறங்குகிறான். சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னால் திறக்கிறான். கள்ளத் தங்கம் தேடுவது அவர் வேலை. அதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால், "செல்போனைக் கொடு, பூட்டைத் திற" என்றால்?

பெட்டியில் இருப்பது சேலையும் சோப்பும். செல்போனில் இருப்பதோ அவன் வாழ்வு: மனைவியின் பேச்சு, கடன் கணக்கு, வங்கிப் பணம், சங்கத் தோழர்களின் பெயர்கள்!

1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 102-வது பிரிவு என்ன சொல்கிறது? உடம்பைச் சோதிக்குமுன், கேட்டால் மாஜிஸ்திரேட்டிடமோ கெஜட் பதவியிலுள்ள சுங்க அதிகாரியிடமோ அழைத்துப் போக வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். எடுத்த சாமானுக்குப் பட்டியல் வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். சட்டைப் பையைத் தடவ இத்தனை வரம்பு! செல்போனின் பூட்டைத் திறப்பதற்கென்று அச்சட்டத்தில் தனி வரம்பு உண்டா? இல்லை!

"குற்றமற்றவனுக்கு என்ன பயம்?" என்கிறார்கள். சங்கத்தில் சேர்ந்தவன் பெயர் முதலாளி கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை மில் தொழிலாளியிடம் கேளுங்கள்!

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நடந்தது என்ன? 2023 அக்டோபரில் டில்லி போலீஸ் நியூஸ்கிளிக் பத்திரிகையாளர்களின் செல்போன்களையும் மடிக்கணினிகளையும் அள்ளிச் சென்றது. பத்திரிகையாளர் கருவிகளைப் பறிமுதல் செய்ய விதிமுறை வகுக்கும்படி அடுத்த மாதமே அதே நீதிமன்றம் மத்திய சர்க்காரிடம் சொல்ல வேண்டி வந்தது. சர்க்காரோ, 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்று 2025-ல் புதிய வருமான வரிச் சட்டம் போட்டது. சோதனைக்கு வரும் அதிகாரி இரகசியக் குறியீட்டை மீறியே கணினிக்குள் புகலாம் என்கிறது அது!

நம் உத்திரமேரூர்க் கோயில் சுவரைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பராந்தக சோழன் காலத்தில், கணக்குக் காட்டாதவனுக்கு வாரியத்தில் இடமில்லை என்று கல்லில் வெட்டினார்கள். அது நிலமுடையோர் சபை. நம் பாட்டன் பூட்டனுக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் அதிகாரத்தின் வரம்பை ஊரறிய எழுத வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. டில்லி சர்க்காருக்குத் தெரியாதா?

நாம் கேட்பது இதுதான்: மாஜிஸ்திரேட்டின் எழுத்து மூலமான உத்தரவின்றி செல்போனைத் திறக்காதே! எடுத்தால் ரசீது கொடு! திருப்பித் தரும் தேதியை எழுதிக் கொடு! இதைச் சட்டமாக்கு!

விமானம் ஏறாதவனுக்கு இதில் என்ன என்று இருந்துவிடாதீர்கள். இன்று விமான நிலையத்தில் பழகிய கை நாளை மில் வாசலுக்கும் வரும். சங்கக் கூட்டங்களில் தீர்மானம் போடுங்கள், குரல் கொடுங்கள்!