திரும்பி வராத யோயோ!

கயிற்றை விரலில் மாட்டி வீசினால், கீழே போய்ச் சுழன்று, கைக்குத் திரும்பி வரும் விளையாட்டுச் சாமான் யோயோ. திரும்பி வராத யோயோவும் உண்டு. அதற்குத்தான் விலை அதிகம்!

பிலிப்பைன்ஸ் நாட்டில் பிறந்த பெத்ரோ புளோரஸ், 1928-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் யோயோ தொழிலைத் தொடங்கினார். அன்று அது மரத்தால் ஆனது. இன்று தேர்ந்த ஆட்டக்காரர்கள் வைத்திருப்பது அலுமினிய யோயோ.

அதன் அச்சில் பால்பேரிங் இருக்கிறது. அதனால் உராய்வு குறைவு, நெடுநேரம் சுற்றும். ஆனால், சுண்டி இழுத்தால் மேலே வராது. கயிற்றை மடித்து உள்ளே கொடுத்துப் பிடிக்கச் செய்தால்தான் ஏறும்.

கனம் எங்கே?

தஞ்சாவூர் பொம்மையை எத்தனை முறை சாய்த்தாலும் நிமிர்கிறதே, ஏன்? அடியில் கனம்! அலுமினிய யோயோவில் கனம் விளிம்பில் இருக்கிறது. அதனால்தான் சுழற்சி சீக்கிரம் அடங்குவதில்லை. ஒரே வீச்சில் பல வித்தைகள் காட்டலாம்.

வாங்கலாமா?

கைதேர்ந்தவர் தாராளமாக வாங்கலாம். புதிதாகப் பழகும் பிள்ளைக்கோ அது வீண் செலவு. வேகமாகச் சுழலும் உலோகம் பல்லில் பட்டால் ஆபத்து!

பம்பரம் விடும் பையன் முதலில் தரையில் விட்டுப் பழகுகிறான். பிறகுதான் சாட்டையால் தூக்கிக் கையில் ஏந்துகிறான். யோயோவுக்கும் அதுவே முறை. முதலில், தானே திரும்பும் பிளாஸ்டிக் யோயோ. கை பழகிய பிறகு அலுமினியம்.

கன்றுக்குட்டியை யாராவது ஏரில் பூட்டுவார்களா?