இருபது வயதில் ஒரு பியானோ ஆசிரியரைத் தேடி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்)

இசை பயில வயது வரம்பு உண்டா? உண்டு என்பவர்களே நம்மிடையே மிகுதி. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று கேட்டு நம் வாயை அடைத்து விடுவார்கள். ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே இருபது என்றொரு வயது இருப்பதை ஏனோ மறந்து விடுகிறார்கள்! விசைத்தறி ஓசையில் வளர்ந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என் போன்றோருக்கு ஐந்து வயதில் பியானோ ஏது? கருமத்தம்பட்டி மாதா கோயிலில் காதால் கேட்ட இசைதான் எங்கள் முதல் பாடம்.

கோவையில் ஓர் ஆசிரியரை அணுகினேன். என் கைகளைப் பாராமலே வயதைக் கேட்டார். "விரல் இறுகிப் போயிருக்கும் தம்பி" என்று அனுப்பி விட்டார். மற்றொருவரோ, மூன்றே மாதத்தில் பத்துத் திரைப்பாடல்கள் என்று வாக்களித்தார். முன்னவரைக் காட்டிலும் பின்னவரிடமே நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

ஏனெனில், ஆர்மோனியத்தில் இடக்கை துருத்தியை இயக்கும், வலக்கைதான் பாடும். பியானோவின் 88 கட்டைகளோ இரு கைகளுக்கும் தனித்தனி வேலை தருபவை. கட்டை ஒரு நெம்புகோல். அதை அழுத்தும் வேகத்திற்கேற்பக் கம்பளி பொதிந்த சுத்தியல் கம்பியைத் தாக்கும். ஒலி மெலிவதும் வலுப்பதும் விரலின் கையில்! வளர்ந்தவன் கைக்குப் புதிதாக வர வேண்டியது இடக்கைப் பழக்கமும் இந்தத் தொடு உணர்வுமே. கட்டைகளில் எண் ஒட்டிப் பாட்டுச் சொல்லித் தருபவரிடம் பத்துப் பாட்டு வரும். பதினோராவது பாட்டுக்கு மீண்டும் அவர் வாசலில்தான் நிற்க வேண்டும். கோட்டுக் குறியீடுகளைப் படிக்கக் கற்றவனோ வாரத்துக்கு ஒரு வகுப்பு மட்டுமே கிடைத்தாலும், மீதி ஆறு நாளும் தானே முன்னேறுவான்.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். சென்னை வந்து, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையும் குறியீடும் பயின்றபோது அவர் இருபதுகளின் பிற்பகுதியை நெருங்கிய இளைஞர். 'அன்னக்கிளி' 1976-இல், லண்டனில் அவரது சிம்பொனி அரங்கேறியது 2025 மார்ச்சில். அவர் மேதை, நாம் யார் என்று கேட்பீர்கள். நியாயந்தான். ஆனால் நான் வியப்பது மாணவரை அல்ல, ஆசிரியரை! நாடக மேடையிலிருந்து வந்த வளர்ந்த இளைஞருக்கு அடிப்படையிலிருந்து கற்பிக்க அவர் முன்வந்தாரே!

லண்டன் டிரினிடி கல்லூரியின் பியானோத் தேர்வுகள் எட்டுத் தரங்கள் வரை செல்கின்றன; அவற்றுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. ஆகவே ஆசிரியரைத் தேடும் நண்பர்கள், 'எத்தனை பாட்டு?' என்று கேட்காமல், 'குறியீடு கற்பிப்பீர்களா? முதல் மாதத்தில் இடக்கைக்கு என்ன பாடம்?' என்று கேளுங்கள். கட்டணம் பிறகு.

நம் கல்லூரியிலேயே தேவாலயப் பாடகர் குழுக்களில் குறியீடு கற்ற மாணவர் சிலர் இருக்கக்கூடும். வாரம் இரு மாலைகள் ஒரு வகுப்பறையையும் ஒரு கீபோர்டையும் நுண்கலை மன்றம் தந்தால், வயது கேட்காத அந்த வகுப்பில் முதல் பெயர் என்னுடையது.