தாத்தா எந்த ஃபைலில் இருக்கார்?

உங்கள் வீட்டு டி.வி. ஸ்டாண்டின் கீழ் டிராயரை ஒரு தடவை திறந்து பாருங்கள். அக்கா கல்யாணம், தம்பி மொட்டை, புது வீடு பால்காய்ப்பு என்று மார்க்கரில் எழுதிய டிவிடிகள் நாலைந்தாவது தூங்கிக்கொண்டிருக்கும். பிளேயர் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கும். புது லேப்டாப்பில் டிவிடி செருக இடமே கிடையாது. ஆக, டிவிடி இருக்கு, படம் இல்லை. அதானே நிலைமை?

போன மாசம் தூத்துக்குடி போயிருந்தேன். பள்ளிக்கூட நண்பன் ஒருவன் மக்ரூன் டப்பாவைக் கையில் கொடுத்தான். ஆசையாகத் திறந்தால் உள்ளே டிவிடி. "ஏல, நீதான கம்ப்யூட்டர் பத்தி எழுதுத. இதுல எங்க தாத்தா பேசுதத மட்டும் வெட்டித் தா."

விஷயம் இதுதான். அந்த ஊர் பனிமய மாதா கோயில் திருவிழா வருஷா வருஷம் ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் முடியும். ஆனால் தங்கத் தேர் எல்லா வருஷமும் ஓடாது. 2007, 2013, 2023 என்று விசேஷ வருஷங்களில் மட்டும்தான். 2007-ல் தேர் பார்க்க நண்பன் வீட்டில் சொந்தக்காரர் கூட்டம். வெளிநாட்டு மாமா கேமரா கொண்டுவந்திருக்கிறார். மொட்டை மாடியில் தாத்தா உட்கார்ந்திருக்க, யாரோ ஒரு பிள்ளை "தாத்தா, நீங்க முத்துக் குளிச்சீங்களாமே?" என்று கேட்க, அவர் நாலு நிமிஷம் பேசியிருக்கிறார்.

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்கப்புறம் சங்குகுளிதான். அன்றைக்கு இறங்கிய வாலிபர்களில் இவர் ஒருவர். இரண்டு வருஷத்தில் இறந்தும்விட்டார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. அந்த நாலு நிமிஷம்தான் மொத்தச் சொத்து.

நண்பன் ஏற்கனவே ஒரு கடையில் கொடுத்து எம்.பி.4 ஆக மாற்றி வாங்கியிருந்தான். பார்த்தேன். தாத்தா முகம் பூசணிக்காய் மாதிரி அகலம். கையை ஆட்டினால் கை ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு. போகப் போக உதடு முன்னால், பேச்சு பின்னால். இது ஏன் நடக்குது என்று தெரிந்தால் பாதி வேலை முடிஞ்சது. கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

டிவிடியைத் திறந்தால் 'வீடியோ டி.எஸ்.' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் வி.ஓ.பி. என்று முடிகிற பெரிய ஃபைல்கள். படம், சத்தம் எல்லாம் அதில்தான். கூடவே ஐ.எஃப்.ஓ. என்ற குட்டி ஃபைல்கள், எது எங்கே ஆரம்பிக்குது என்ற குறிப்பு. வி.ஓ.பி. ஒவ்வொன்றும் ஒரு ஜி.பி.க்கு மேல் போகாது. போனால் அடுத்த ஃபைல். படம் பார்த்தோ பேச்சு பார்த்தோ வெட்டுவதில்லை, எடை போட்டு வெட்டுவதுதான். நம்ம தாத்தாவின் ஒரு வாக்கியம் இரண்டாவது ஃபைலில் ஆரம்பித்து மூன்றாவதில் முடிந்தது! ஃபைல்களைத் தனித்தனியாக மாற்றி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் படமும் பேச்சும் தடம் மாறும். கடைக்காரர் செய்தது அதுதான் போல.

அப்புறம், அந்தப் படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டது. நம் ஊர் பால் முறையில் நொடிக்கு 25 படம். ஆனால் அரை நொடிக்கு ஒன்றுதான் முழுப் படமாக இருக்கும். மற்றதெல்லாம் 'முன்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்' என்ற கணக்கு மட்டும். பார்ப்பதற்கு நல்ல ஏற்பாடு. வெட்டுவதற்கு? நடுவில் கத்தரி வைத்தால் கணக்குக்கு முன்னோடி இல்லாமல் எடிட்டிங் சாஃப்ட்வேர் முழிக்கும்.

சீப்புக் கோடும் இந்தக் காலத்து வியாதி இல்லை. பழைய டி.வி.க்காக ஒவ்வொரு படத்தையும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு பாதியாக, ஒன்றன் பின் ஒன்றாகப் பதிவு செய்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் காட்டும்போது, அசைகிற இடத்தில் பல்லிளிக்கிறது. முக அகலத்துக்குக் காரணம் இன்னும் சுலபம். 4-க்கு 3 வடிவப் படத்தை அகலத் திரை முழுக்க இழுத்துவிட்டார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் டிவிடியை மாற்றாதீர்கள், காப்பி எடுங்கள். மாற்றுவதற்கு ஆயிரம் தடவை சந்தர்ப்பம் உண்டு, டிவிடி படிப்பதற்குக் கிடையாது. வீட்டில் எரித்த டிவிடியில் தகவல் இருப்பது ஒரு சாய அடுக்கில். வெயிலும் ஈரமும் அதற்கு ஆகாது. உப்புக்காத்து ஜன்னல் கம்பியையே தின்கிற ஊரில் கேட்கவா வேண்டும்? மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். யு.எஸ்.பி.யில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கி, முழு ஃபோல்டரையும் ஹார்ட் டிஸ்க்கில் இறக்குங்கள்.

எங்களுக்கு முக்கால்வாசியில் நின்றுவிட்டது. டிரைவ் கர் கர் என்று சத்தம் போட, நண்பன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பயப்படாதீங்க, ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் பரணில் இருந்த பழைய டெஸ்க்டாப்பை இறக்கினோம். மூச்சு வாங்கி வாங்கி அது படித்துவிட்டது! அதுவும் மறுத்திருந்தால் டி.டி.ரெஸ்க்யூ என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. நல்ல இடங்களை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, கெட்ட இடங்களைத் திரும்பத் திரும்ப முட்டிப் பார்க்கும்.

காப்பி வந்ததும் மேக் எம்.கே.வி. சாஃப்ட்வேரில் அந்த ஃபோல்டரைக் கொடுங்கள். துண்டு துண்டான வி.ஓ.பி.களை ஒழுங்காகச் சேர்த்து ஒரே எம்.கே.வி. ஃபைலாகத் தரும். இதில் படம் மறுபடி சுருக்கப்படுவதில்லை. டப்பா மட்டும்தான் மாறுகிறது, உள்ளே அதே பலகாரம். இதுதான் உங்கள் மூலப் பிரதி. இரண்டு இடத்தில் வையுங்கள்.

வெட்டுவதற்கு இன்னொரு பிரதி. எம்.கே.வி.யை ஹேண்ட்பிரேக்கில் திறந்து, 'புரொடக்‌ஷன்' என்ற தலைப்பின் கீழ் உள்ள அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எடிட்டிங்குக்கென்றே வைத்திருக்கிறார்கள். ஃபைல் பெரிதாகும், ஆகட்டும். ஃபில்டர் பகுதியில் 'டீஇன்டர்லேஸ்' போய், அதில் 'பாப்' என்பதைப் போட்டால் நொடிக்கு 50 படமாக விரிந்து, சீப்புக் கோடு போய், அசைவு வழவழவென்று இருக்கும். வேகத்தை மாறாத வேகமாக வையுங்கள், இல்லையென்றால் மறுபடி உதடு தனி, பேச்சு தனி. ஓரங்களைத் தானாக வெட்டும் வசதியை நிறுத்திவிடுங்கள். முகம் 4-க்கு 3 வடிவத்திலேயே இருக்கட்டும். இரண்டு பக்கமும் கறுப்பு வந்தால் வந்துவிட்டுப் போகிறது. பழைய படத்தைப் புதுப் படம் மாதிரிக் காட்ட ஆசைப்படுவதில்தான் பாதிப் படங்கள் கெட்டுப்போகின்றன. பிறகு ஷாட்கட் போன்ற இலவச எடிட்டரில் இஷ்டத்துக்கு வெட்டலாம்.

இதெல்லாம் நம் வீட்டு டிவிடிக்கு மட்டும். கடையில் வாங்கிய சினிமா டிவிடியில் பூட்டு இருக்கும். உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பது 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கம் போகாதீங்க.

தாத்தா கிடைத்தார். தோலாயிரம் பார் பற்றிச் சொல்கிறார். எட்டுப் பத்துப் பாகம் ஆழம், காலில் கல், இடுப்பில் கயிறு. கயிற்றை மேலே பிடிப்பது மச்சான்தானாம். "ஏன்னா, நான் செத்தா அவன் தங்கச்சில்லா தாலிய அறுப்பா!" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு வரும் நொடியில் ஸ்டுடியோக்காரர் ஒரு சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டார்! அதற்குப் பிறகு வாய் அசைகிறது, பாட்டு ஓடுகிறது. ஏறின பாட்டை எந்த சாஃப்ட்வேரிலும் சுத்தமாக இறக்க முடியவில்லை. மாமாவின் கேமரா டேப் எங்கே என்றால், அதில் அடுத்த வருஷக் காதுகுத்தை எடுத்துவிட்டார்களாம்.

நாலு நிமிஷத்தில் தெளிவாக மிஞ்சியது இரண்டே முக்கால். வெட்டிக் கொடுத்தேன். நண்பன் போனில் மூணு தடவை பார்த்தான். "பின்னாடி லேசா ஒரு மியூசிக் போட்டா நல்லாருக்கும்லா?" என்றான்.

முறைத்தேன். "சரி, வேணாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனவன், வரும்போது ஒரு வி.எச்.எஸ். கேசட்டோடு வந்தான். அந்தக் கூத்து அடுத்த வாரம்.