இரும்புக்கு மறுஜென்மம்

மறுஜென்மத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள்கூட இரும்பு விஷயத்தில் மட்டும் நம்பித்தான் ஆகவேண்டும்.

'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!' என்ற குரல் கேட்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஏதாவது ஒரு சாமான் குறையும். துருப்பிடித்த தாழ்ப்பாள் இரண்டு போட்டால் பழம் நாலு. அந்தத் தாழ்ப்பாள் அப்புறம் என்ன ஆயிற்று என்று யார் கேட்டோம்?

தள்ளுவண்டியிலிருந்து காயலான் கடை, அங்கிருந்து மொத்த வியாபாரி, கடைசியில் உருக்காலை. மின்சார உலையில் சுமார் 1,600 டிகிரி சூட்டில் தாழ்ப்பாள், தண்டவாளம், சைக்கிள் ரிம் எல்லாம் ஜாதி வித்தியாசமில்லாமல் ஒரே குழம்பாகி, கட்டடக் கம்பியாக வெளியே வருகிறது. ஒரு டன் பழைய இரும்பை உருக்கினால் 1,400 கிலோ இரும்புத் தாதும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சம் என்கிறது உலக எஃகு சங்கம். நாலு பேரீச்சம்பழத்துக்கு மோசமான பேரமில்லை.

ஆனால், மறுஜென்மம் என்றால் பூர்வஜென்ம வாசனையும் உண்டே! பழைய மோட்டாரோடு செம்புக் கம்பியும் உலைக்குள் போய்விட்டால் பிறகு அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. செம்பு அதிகமான எஃகு, பழுக்கக் காய்ச்சி உருட்டும்போது மேலெல்லாம் வெடிப்பு விடும்.

செம்பாவது பரவாயில்லை. மெக்ஸிகோவில் சியுதாத் ஹுவாரெஸ் என்ற ஊர். 1983-ல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான பழைய கதிர்வீச்சு மெஷின் ஒன்று காயலான் கடைக்குப் போனது. அதற்குள் கடுகு மாதிரி ஆயிரக்கணக்கில் கோபால்ட்-60 மணிகள். இரும்போடு இரும்பாக அதுவும் உருகிக் கம்பியாயிற்று, மேஜைக் காலாயிற்று. 1984 ஜனவரியில் அந்தக் கம்பியை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்குள் போன லாரி வழி தவறி, லாஸ் அலமாஸ் அணு ஆராய்ச்சிக்கூடத்துப் பக்கம் போக, அங்கிருந்த கருவி அலறியது. அப்புறம்தான் விஷயமே வெளியே வந்தது. அந்தக் கம்பி போட்டுக் கட்டிய வீடுகளை நூற்றுக்கணக்கில் இடித்தார்கள். டிரைவர் ஒழுங்கான ரூட்டில் போயிருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

'அது மெக்ஸிகோ, நமக்கென்ன' என்று இருக்க முடியாது. 2010-ல் டில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கருவி ஒன்று மாயாபுரி இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே அதே கோபால்ட்-60. பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள், ஒருவர் இறந்தே போனார். விற்றவர்கள் கெமிஸ்ட்ரி படித்தவர்கள். வாங்கியவர்களுக்கு எடை மட்டும்தான் தெரியும்.

உலைக்குக் கண் கிடையாது. போட்டதைத்தான் உருக்கும். கையில் ஒரு காந்தமும் சுத்தியலுமாகக் குவியலுக்கு முன்னால் குந்தியிருந்து செம்பு வேறு, ஈயம் வேறு, இரும்பு வேறு என்று பிரிக்கிறாரே, அவர்தான் நம் வீட்டுக் கம்பிக்கு முதல் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. சம்பளம் கிடையாது, கையுறை கிடையாது.

அவருடைய தராசில் நமக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. இருக்கட்டும். நாம் போடுகிற சாமானுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், கணக்கு இரண்டு பக்கமும் நேராகிவிடும்.