கணக்கைக் காக்கும் பெட்டிக்கே ஆபத்து!
கடையில் ஒரு நகல் மட்டும் போதுமா?

வேப்பந்தட்டை வட்டாரம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் பூமி. அறுவடை நேரத்தில் மண்டியிலும் உரக்கடையிலும் மூச்சு விட நேரம் இருக்காது. எத்தனை மூட்டை இறங்கியது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று முன்பு நோட்டில் எழுதிய கணக்கு இப்போது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது.

நோட்டு கிழிந்தால் ஒட்டலாம். கம்ப்யூட்டர் டிஸ்க் போனால் போனதுதான்!

இதற்காகப் பல கடைகளில் "நாஸ்" என்ற பெட்டியை வாங்கி வைக்கிறார்கள். உள்ளே 2 அல்லது 4 டிஸ்க் இருக்கும். ரூட்டரில் ஒயரை மாட்டினால் கடையில் உள்ள எல்லா கம்ப்யூட்டரும் அதில் நகல் எடுக்கலாம். ஒயர் வழியாக 100 ஜி.பி. நகல் 20 நிமிடத்தில் இறங்கிவிடும். அதையே 20 எம்.பி.பி.எஸ். இண்டர்நெட்டில் வெளியூர் சர்வருக்கு அனுப்பினால் 11 மணி நேரம் ஆகும். ஆகவே பெட்டி வாங்குவதில் தப்பு இல்லை.

"அதான் பெட்டி வாங்கியாச்சே, அப்புறம் என்னண்ணே?" என்று இருந்துவிடுவதில்தான் வினை.

பெட்டியில் 2 டிஸ்க் இருந்தால் ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் பதிவாகும்படி செய்யலாம். இதை "ரெய்டு" என்கிறார்கள். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது கை கொடுக்கும். ஆனால் பையன் தெரியாமல் ஒரு பைலை அழித்துவிட்டால்? இரண்டிலும் சேர்ந்தே அழியும்!

வைரஸ் கும்பல் வந்தால் இன்னும் மோசம். இவர்கள் பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவர்கள். பல கடைகளில் நாஸ் பெட்டியை கம்ப்யூட்டரில் இன்னொரு டிரைவ் மாதிரி, பாஸ்வேர்டு கேட்காதபடி, எந்நேரமும் திறந்தே வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் புகுந்தவனுக்கு அங்கேயும் கதவு திறந்துதானே இருக்கும்?

பெட்டியையே குறிவைத்த சம்பவமும் உண்டு. 2022 ஜனவரியில் "டெட்போல்ட்" என்ற வைரஸ், தைவானின் கியூநாப் கம்பெனி தயாரித்த நாஸ் பெட்டிகளைத் தாக்கியது. இண்டர்நெட்டுக்கு நேராகத் திறந்திருந்த பெட்டிகள்தான் மாட்டின. பைல்களைத் திறந்துவிட 0.03 பிட்காயின் கேட்டார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 80 ஆயிரம் ரூபாய்! வெளியூரில் இருந்து செல்போனில் கணக்குப் பார்க்கலாம் என்ற ஆசையில் ரூட்டரில் வழி திறந்து விடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எய்ம்ஸ் பிழைத்தது எப்படி?

2022 நவம்பர் 23-ந்தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. நோயாளிகளின் பதிவை ஊழியர்கள் கையால் எழுதினார்கள். முக்கிய வேலைகள் சகஜ நிலைக்குத் திரும்ப 2 வாரம் ஆயிற்று.

ஆனாலும் நோயாளிகளின் தகவல் திரும்பக் கிடைத்தது. வைரஸ் கை படாத ஒரு நகல் சர்வர் தனியாக இருந்ததாகவும், அதில் இருந்து தகவலை மீட்டு புது சர்வர்களில் ஏற்றியதாகவும் மத்திய அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. அந்த ஒரு சர்வரும் மற்றவற்றோடு மாட்டி இருந்தால் கதையே வேறு.

நேர்மாறானது தென் கொரியாவின் கதை. 2025 செப்டம்பர் 26-ந்தேதி தேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பைல்களைச் சேமித்து வைத்த "ஜி-டிரைவ்" எரிந்து 858 டெராபைட் போயிற்று. வேறு ஊரில் நகல் இல்லை. கம்ப்யூட்டர் தொழிலில் கொடிகட்டிப் பறக்கும் நாட்டுக்கே இந்த கதி!

கடைக்காரர் செய்யக் கூடியது

நகல் எடுக்க மட்டும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு வைக்க வேண்டும். பில் போடும் பையனுக்கு அது தெரிய வேண்டியது இல்லை. நாஸ் பெட்டியில் "ஸ்நாப்ஷாட்" வசதி இருந்தால் போட்டுவிட வேண்டும். இன்று பைல் கெட்டாலும் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். கணக்கு புரோகிராம் திறந்திருக்கும்போது எடுக்கும் நகல் அரைகுறையாக இருக்கலாம் என்பதால், கடை சாத்திய பிறகு எடுப்பதே நல்லது. கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் யு.பி.எஸ். இல்லாமல் இந்தப் பெட்டியை வைக்கவே கூடாது.

வாரம் ஒரு முறை யு.எஸ்.பி. டிஸ்கில் ஒரு நகல் எடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒயரில் தொங்காத டிஸ்கை எந்த வைரசும் தொட முடியாது. கடையில் தீப்பிடித்தாலும் அது தப்பிக்கும்.

சட்டமும் சும்மா விடவில்லை. ஜி.எஸ்.டி. கணக்கை, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் கணக்கின் நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி வந்தது. "வைரஸ் தின்றுவிட்டது சார்" என்றால் அதிகாரி தலையாட்டுவாரா?

பெரும்பாலானோர் மறப்பது ஒன்று உண்டு. எடுத்த நகல் திறக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஜி.எஸ்.டி. தாக்கல் முடிந்த மறுநாள் வேறொரு கம்ப்யூட்டரில் நகலை ஏற்றி, போன மாதத்து பில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.